பழைய சோலைக்காட்டின் உயிர்த்திணிவை அளப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

நீலகிரியிலோ பழனி மலையிலோ ஒரு பழைய சோலைக்குள் எத்தனை டன் மரம் நிற்கிறது, பக்கத்துச் சோலையில் அது ஏன் கூடுகிறது அல்லது குறைகிறது என்று அறிய விரும்பும் மாணவர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் இதை எழுதுகிறேன். சோலை என்பது மலையின் மேற்பகுதியில் புல்வெளிகளுக்கு நடுவே நிற்கும் குட்டையான பசுமைமாறாக் காடு. உயிர்த்திணிவு என்று இங்கே சொல்வது, நிலத்துக்கு மேலே நிற்கும் உயிருள்ள மரங்களின் உலர் எடை. வேர், மண், விழுந்து கிடக்கும் கட்டை எதுவும் இதில் சேராது.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் டேப்பை எடுத்துக்கொண்டு நேரே முதல் மரத்துக்குப் போய்விடுகிறார்கள். அளவு எல்லாம் முடிந்த பிறகுதான் கட்டத்தை (அளப்பதற்காகக் குறித்துக்கொள்ளும் சதுர நிலத்துண்டை) எங்கே போட்டிருக்க வேண்டும், எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்ற கேள்வி வருகிறது. அப்போது திருத்த வழியில்லை. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. மழையா, வெப்பமா: ஒன்றை முடிவு செய்யுங்கள்

பழைய காட்டில் எடையின் பெரும்பகுதி சில பெரிய மரங்களில்தான் இருக்கிறது. உலகெங்கும் 48 பெரிய ஆய்வுக் கட்டங்களைச் சேர்த்துப் பார்த்து 2018-இல் வெளிவந்த ஆய்வில், மிகப் பெரிய 1 சதவீத மரங்களே சராசரியாகப் பாதி எடையைத் தாங்கி நின்றன. அந்த மரங்கள் எவ்வளவு பருக்கலாம், எவ்வளவு உயரலாம், எத்தனை காலம் சாகாமல் நிற்கலாம் என்பதில் தட்பவெப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் தட்பவெப்பம், மரத்தின் அளவு, உயிர்த்திணிவு என்று மூன்று கண்ணிகளாக யோசியுங்கள்.

மலையில் உயரம் மாறினால் வெப்பம் மாறும். 1000 மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி குறையும். சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்து மழை மாறும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாறவிட்டால், கிடைக்கும் வித்தியாசத்துக்கு எது காரணம் என்று சொல்ல முடியாது.

மழையின் விளைவைப் பார்க்க நீலகிரி மேட்டுநிலம் வசதியானது. ஊட்டியிலிருந்து மேற்கே அவலாஞ்சி, மேல்பவானி பக்கம் போகும்போது உயரம் அவ்வளவாக மாறாமல் தென்மேற்குப் பருவமழை மட்டும் கூடிக்கொண்டே போகும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். வெப்பத்தின் விளைவுக்குப் பழனி மலை நல்லது. தாண்டிக்குடி பக்கத்துக் கீழ்மலையிலிருந்து கொடைக்கானல் மேல்மலை வரை படிப்படியாக ஏறலாம். அங்கேயும் மழை முழுக்க ஒரே அளவாக இருக்காது. ஆனால் குளிரின் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

2. அனுமதி, பருவம், துணை

சோலைகளில் ஏறக்குறைய எல்லாமே காப்புக்காடு. மாவட்ட வன அலுவலருக்கு விண்ணப்பித்து எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். முக்குருத்தி தேசியப் பூங்கா, முதுமலை, கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் போன்ற இடங்களுக்குச் சென்னையில் உள்ள தலைமை வன உயிரினக் காப்பாளரின் ஒப்புதல் தேவை. மரத்தில் ஆணி அடிக்கப் போகிறீர்கள் என்றால் அதையும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். உள்ளே போன பிறகு கேட்டால் வேலை நின்றுவிடும்.

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை சரியான காலம். மூடுபனியில் மர உச்சி தெரியாது. மழையில் வழுக்கும், அட்டை கடிக்கும், தாள் நனையும். அதற்குப் பிறகு காட்டுத்தீக் காலம் தொடங்கிவிடுவதால் பல இடங்களில் நுழைய விடமாட்டார்கள்.

வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். காட்டுமாடு சோலை ஓரத்தில்தான் படுத்திருக்கும். அவர்களுக்கு அது முன்கூட்டியே தெரியும். மரம் தெரிந்த குறும்பரோ பளியரோ உடன் வந்தால் உங்கள் இனப்பட்டியலின் தரமே மாறிவிடும். அவர்களுக்கு நாள்கூலி கொடுப்பதோடு, அறிக்கையில் பெயர் போட அவர்களுக்குச் சம்மதமா என்றும் கேளுங்கள்.

3. பையில் இருக்க வேண்டியவை

துணி டேப் வேண்டாம், ஈரத்தில் நீளும். ஃபைபர் டேப் எடுங்கள். சாய்வுமானி (கோணம் அளக்கும் கருவி) அல்லது லேசர் தூரமானி, திசைகாட்டி, ஜிபிஎஸ், 50 மீட்டர் கயிறு, 1.3 மீட்டரில் வெட்டிய ஒரு குச்சி, சுண்ணக்கட்டி, அலுமினியத் தகடும் அலுமினிய ஆணியும், பென்சில், தடித்த தாள். பேனா மை ஈரத்தில் ஓடிவிடும் என்பதால்தான் பென்சில்.

4. பழைய காடுதானா என்று பாருங்கள்

மலையில் பச்சையாகத் தெரிவதெல்லாம் சோலை அல்ல. சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) பைனும் சோலை ஓரத்துக்குள் நுழைந்திருக்கும். இவை வேகமாகப் பருப்பவை. ஒரு கட்டத்தில் நாலைந்து நின்றாலே கணக்கு வேறு கதையைச் சொல்லும்.

வெட்டிய அடிக்கட்டைகள், ஒரே அடியிலிருந்து கிளம்பிய பல தண்டுகள், விறகுப் பாதைகள் தெரிந்தால் அது கை பட்ட காடு. எல்லாப் பருமனிலும் மரம் நிற்பது, தானாக விழுந்து மட்கும் பெரிய கட்டைகள், தண்டெல்லாம் பாசியும் ஆர்க்கிடும் இருப்பது ஆகியவை பழைய காட்டின் அடையாளம். சோலை விளிம்பிலிருந்து குறைந்தது 20, 30 மீட்டர் உள்ளே தள்ளிக் கட்டம் போடுங்கள். விளிம்பில் காற்றும் உறைபனியும் வேறு மாதிரி வேலை செய்யும்.

5. கட்டம் போடுதல்

இங்கே நடக்கும் தவறுதான் மிகப் பெரியது. உள்ளே நுழைந்ததும் கண்ணைக் கவரும் ஒரு பெரிய நாவல் மரத்தைச் சுற்றிக் கட்டம் போடத் தோன்றும். அப்படிப் போட்டால் அந்தச் சோலையின் எடையை அளக்கவில்லை, அந்த மரத்தின் எடையைத்தான் அளக்கிறீர்கள். வரைபடத்தில் வீட்டிலேயே புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, ஜிபிஎஸ் காட்டும் இடத்தில் முதல் குச்சியை நடுங்கள். அங்கே முள் இருந்தாலும் அங்கேதான்.

அளவும் முக்கியம். 80 செ.மீ. விட்டமுள்ள ஒரு சோலை மரம் சுமார் 3.5 டன் எடை இருக்கும் (கணக்கு 9-ஆம் பகுதியில்). 20-க்கு 20 மீட்டர் கட்டத்தில் அது விழுந்தால், அந்த ஒரு மரமே ஹெக்டேருக்கு 89 டன் கூட்டும். கட்டம் இரண்டடி தள்ளிப் போய் மரம் வெளியே நின்றுவிட்டால் 89 டன்னும் காணாமல் போகும். ஒரு ஹெக்டேர் கட்டத்தில் அதே மரம் 3.5 டன் வித்தியாசம்தான் செய்யும். பெரிய மரங்கள் எடையைத் தாங்கும் காட்டில் சிறிய கட்டம் ஏமாற்றுவது இதனால்தான்.

ஒரு ஹெக்டேர் முழுவதும் எல்லா மரத்தையும் அளக்க ஆள் இல்லை என்றால் ஒரு வழி உண்டு. விட்டம் 50 செ.மீ.க்கு மேற்பட்ட மரங்களை மட்டும் முழு ஹெக்டேரிலும் அளந்துவிடுங்கள். 10 முதல் 50 செ.மீ. வரை உள்ளவற்றை, உள்ளேயே முன்கூட்டிக் குறித்த நாலைந்து 20-க்கு 20 கட்டங்களில் மட்டும் அளந்து, பரப்புக்கு ஏற்பப் பெருக்கிக்கொள்ளலாம்.

அப்புறம் சரிவு. ஹெக்டேர் என்பது கிடைமட்டப் பரப்பு. 30 டிகிரிச் சரிவில் கயிற்றைத் தரையோடு 20 மீட்டர் இழுத்தால் கிடைமட்டமாக 17.3 மீட்டர்தான் கிடைக்கும். 23.1 மீட்டர் இழுக்க வேண்டும். தேவையான நீளத்தைச் சரிவுக் கோணத்தின் கோசைனால் வகுத்தால் இந்த எண் வரும். இதை விட்டுவிட்டால் செங்குத்தான சோலைகளில் எல்லாம் மரம் குறைவு என்ற பொய்யான முடிவு கிடைக்கும்.

6. சுற்றளவு

தண்டின் சுற்றளவை மார்பளவு உயரத்தில் அளக்கிறோம், அது 1.3 மீட்டர். நம் வனத்துறை ஏடுகளில் 1.37 மீட்டர் என்று இருக்கும். எதை எடுத்தாலும் எழுதி வையுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத்திலிருந்து குச்சியை வைக்க வேண்டும். சாய்ந்த மரத்துக்குச் சாய்வின் உள்பக்கமாக, தண்டோடு ஒட்டி. டேப் தண்டுக்குக் குறுக்கே நேராகச் சுற்ற வேண்டும். பின்பக்கம் தொங்குகிறதா என்று இன்னொருவர் பார்க்க வேண்டும்.

சோலைக்கே உரிய சிக்கல் பாசி. மேற்குச் சரிவுகளில் தண்டைச் சுற்றி 2 செ.மீ. தடிமனில் பாசி படர்ந்திருப்பது சாதாரணம். அதன் மேலேயே டேப்பைச் சுற்றினால் 20 செ.மீ. விட்டமுள்ள மரம் 24 செ.மீ. ஆகிவிடும்; எடை 43 சதவீதம் கூடிவிடும். அதைவிட மோசம், ஈரமான மேற்கில் பாசி அதிகம், கிழக்கில் குறைவு. அதனால் மழை கூடினால் உயிர்த்திணிவு கூடுகிறது என்று கணக்கு காட்டும்; உண்மையில் கூடியது பாசி. டேப் போகும் இடத்தில் மட்டும் விரலால் பாசியைத் தளர்த்தி, டேப்பை உள்ளே நுழைத்துப் பட்டைமேல் படிய வையுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள். கொடிகளையும் அப்படியே தூக்கி டேப்பை அடியில் விடுங்கள்.

அடியில் பலகைபோல் வேர் விரிந்திருந்தால் அது முடியும் இடத்துக்கு 50 செ.மீ. மேலே அளந்து, அந்த உயரத்தையும் எழுதுங்கள். உண்மையில் 251 செ.மீ. சுற்றளவுள்ள மரத்தைப் புடைப்பில் 300 என்று அளந்தால் எடை சுமார் 42 சதவீதம் கூடுகிறது. பெரிய மரத்தில் நடக்கும் இந்தப் பிழையை எத்தனை சின்ன மரத்தைக் கவனமாக அளந்தாலும் ஈடுகட்ட முடியாது. நேரம் குறைவாக இருந்தால் சின்ன மரங்களில் வேகமாகப் போங்கள். பெரிய மரத்தில் இரண்டு பேர் தனித்தனியாக அளந்து ஒப்பிடுங்கள்.

1.3 மீட்டருக்குக் கீழேயே பிரியும் மரத்தில் ஒவ்வொரு தண்டையும் தனித்தனியாக அளந்து, எடையைத்தான் கூட்ட வேண்டும். விட்டங்களைக் கூட்டக் கூடாது. தலா 20 செ.மீ. உள்ள இரண்டு தண்டுகளை 40 செ.மீ. என்று எடுத்தால் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகக் காட்டும்.

7. உயரம்

மழைக்காடுகளில் பலர் உயரத்தை அளக்காமல் விட்டுவிடுவார்கள். சமவெளிக் காட்டில் அது ஓரளவு செல்லும். சோலையில் செல்லாது. காற்றும் குளிரும் சேர்ந்து மரத்தைக் குட்டையாக வைத்திருக்கின்றன. ஒரு மீட்டர் பருத்த தண்டுகூட 20 மீட்டரைத் தாண்டாமல் முறுக்கிக்கொண்டு நிற்கும். தாழ்நிலக் காட்டின் விட்டம்–உயர விகிதத்தை இங்கே கொண்டுவந்தால், 18 மீட்டர் மரத்துக்கு 35 மீட்டர் போட்டு, 3.5 டன்னை 6.8 டன் ஆக்கிவிடுவீர்கள். தட்பவெப்பம் மரத்தின் வடிவத்தில் எழுதியிருப்பது உயரத்தில்தான் தெரிகிறது. அதை அளக்காமல் தட்பவெப்பத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளே இல்லை.

முறை இது. மரத்தின் உயரத்துக்குக் குறையாத தூரத்தில், சரிவுக்குக் குறுக்கே, மரத்தின் அடியும் நீங்களும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும்படி நில்லுங்கள். உச்சியின் கோணம், அடியின் கோணம் இரண்டையும் எடுங்கள். 20 மீட்டர் தூரத்திலிருந்து உச்சி 35 டிகிரி மேலே, அடி 10 டிகிரி கீழே என்றால், டேன்ஜென்ட் மதிப்புகள் 0.700, 0.176, கூட்டி 20-ஆல் பெருக்கினால் 17.5 மீட்டர்.

புதியவர்கள் தடுமாறுவது உச்சியைக் கண்டுபிடிப்பதில். அருகில் நிற்கும்போது தலைக்கு மேலே நீண்டிருக்கும் பக்கக் கிளையின் நுனி உச்சி மாதிரித் தெரியும். அதைப் பார்த்துக் கோணம் எடுத்தால் உயரம் வெகுவாகக் கூடிவிடும். இலை அடர்த்தியான சோலையில் இது அடிக்கடி நடக்கும். லேசர் தூரமானி இருந்தால், உச்சிக்கு நேரடித் தூரத்தை எடுத்து உச்சிக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்குவது மேல். அது சற்றுக் குறைத்துக் காட்டலாம், ஆனால் இல்லாத உயரத்தை உருவாக்காது.

40 செ.மீ.க்கு மேற்பட்ட எல்லா மரங்களுக்கும் உயரம் எடுங்கள். அதற்குக் கீழே ஒவ்வொரு பருமன் வகுப்பிலும் பத்து மரம் போதும். மற்றவற்றுக்கு அந்தச் சோலையின் சொந்த வளைகோட்டிலிருந்து (அளந்த மரங்களின் விட்டத்தையும் உயரத்தையும் இணைத்து வரையும் கோடு) உயரம் கணக்கிடலாம். முதுமலையின் வளைகோட்டை முக்குருத்திக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒரு சோலைக்கு ஒரு வளைகோடு.

8. மரத்தின் பெயரும் கட்டையின் அடர்த்தியும்

ஒரே பருமன், ஒரே உயரம் உள்ள இரண்டு மரங்களின் எடை கட்டை அடர்த்தியால் மாறும். அதற்கு இனம் தெரிய வேண்டும். காட்டுச் செண்பகம், காட்டுப் பூவரசு போன்றவை சுலபம். நாவல் குடும்பத்திலும் லாரல் குடும்பத்திலும்தான் குழப்பம் வரும். இலை, பட்டை, பூ அல்லது காய் மூன்றையும் படமெடுத்து மர எண்ணோடு வையுங்கள்.

அடர்த்திக்கு உலகளாவிய தரவுத்தளம் 2009 முதல் எல்லோருக்கும் கிடைக்கிறது. இனம் இல்லையென்றால் பேரினத்தின் சராசரி. அதுவும் இல்லையென்றால் அந்தக் கட்டத்தின் சராசரி.

9. கணக்கு

வெப்பமண்டலக் காடுகளுக்கு 2014-இல் வெளிவந்த, 4004 மரங்களை வெட்டி எடைபோட்டு உருவாக்கிய சமன்பாடு இது:

எடை (கி.கி.) = 0.0673 × (அடர்த்தி × விட்டம் × விட்டம் × உயரம்)^0.976

விட்டம் செ.மீ.-இல், உயரம் மீட்டரில், அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு எத்தனை கிராம் என்ற அளவில். அடர்த்தி 0.6, விட்டம் 20, உயரம் 12 என்றால் 160 கிலோ. அடர்த்தி 0.6, விட்டம் 80, உயரம் 18 என்றால் சுமார் 3560 கிலோ. அதாவது அந்த ஒரு மரத்துக்கு ஈடாக 22 சின்ன மரங்கள் வேண்டும்.

எக்செல்லில் போடும்போது ஒரு தவறு ஓயாமல் வருகிறது: சுற்றளவை விட்டத்தின் இடத்தில் போட்டுவிடுவது. விடை ஒன்பது மடங்குக்கு மேல் கூடும். முதல் வேலையாகச் சுற்றளவை 3.1416-ஆல் வகுத்து ஒரு தனிப் பத்தியாக வைத்துக்கொள்ளுங்கள்.

உயரம் இல்லாமலே கணக்கிட இன்னொரு சமன்பாடு உண்டு. உயரத்துக்குப் பதிலாகத் தட்பவெப்ப நெருக்கடியைக் காட்டும் ஓர் எண்ணை அது எடுத்துக்கொள்கிறது. நம் வேலைக்கு அது ஆகாது. அந்த எண் வரும் வரைபடத்தின் ஒரு சதுரம் சில கிலோமீட்டர் அகலம். மலையில் அதற்குள் பள்ளத்தாக்கும் சிகரமும் சேர்ந்தே அடங்கிவிடும். அதைவிட முக்கியம், தட்பவெப்பத்தை வைத்து எடையைக் கணித்துவிட்டு, பிறகு எடைக்கும் தட்பவெப்பத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று சொன்னால், நாமே உள்ளே வைத்ததை நாமே வெளியே எடுக்கிறோம்.

எல்லா மரங்களையும் கூட்டி ஹெக்டேருக்கு டன்னாக மாற்றுங்கள். கார்பன் வேண்டுமானால் 0.47-ஆல் பெருக்கலாம். பிழை வரம்பைக் கணக்கிட ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் பயோமாஸ் என்ற பெயரிலேயே ஒரு பொதி இருக்கிறது.

10. மழை, வெப்பத் தரவு

இணையத்தில் கிடைக்கும் ஒரு கிலோமீட்டர் சதுரத் தரவு வெப்பத்துக்குப் பரவாயில்லை. மழைக்கு நம்ப முடியாது. மலைமுகடு ஒன்றைத் தாண்டினாலே மழை பாதியாகிவிடும் இடங்களில் அது சராசரியை இழுத்துப் பரப்பிவிடுகிறது. தேயிலைத் தோட்டங்களில் பல்லாண்டுகளாக மழைமானிப் பதிவேடு வைத்திருப்பார்கள். அலுவலகத்தில் பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள்.

ஆண்டு மொத்த மழை மட்டும் போதாது. வறண்ட மாதங்கள் எத்தனை என்று பாருங்கள். தென்மேற்கு மழையை நம்பும் மேல்பவானிக்கும் அக்டோபர், நவம்பர் மழையை அதிகம் பெறும் கொடைக்கானலுக்கும் வறட்சி வரும் மாதங்கள் வேறு. 100 மி.மீ.க்குக் குறைந்த மாதம் வறண்டது என்ற தாழ்நில வழக்கத்தை அப்படியே எடுக்காதீர்கள். குளிர்ந்த மலையில் மரம் அவ்வளவு நீரை ஆவியாக்குவதில்லை.

11. சேர்த்துப் படிப்பது

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஐந்து எண்களை வரிசையில் எழுதுங்கள்: மொத்த எடை, 50 செ.மீ.க்கு மேற்பட்ட மரங்களின் எண்ணிக்கை, மிகப் பெரிய மரத்தின் விட்டம், பெரிய மரங்களின் சராசரி உயரம், சராசரி கட்டை அடர்த்தி. முதலில் எடையையும் பெரிய மர எண்ணிக்கையையும் வரைபடமாக்குங்கள். 120 தாழ்நில இடங்களை ஒப்பிட்ட 2013 ஆய்வில், இடத்துக்கு இடம் எடை மாறியதில் சுமார் 70 சதவீதத்தை, ஹெக்டேருக்கு 70 செ.மீ.க்கு மேற்பட்ட மரங்கள் எத்தனை நிற்கின்றன என்பதே விளக்கியது. அந்த அளவு இறுக்கம் சோலையில் இருக்கிறதா என்பதுதான் உங்கள் முதல் விடை. அதற்குப் பிறகே பெரிய மர எண்ணிக்கையையும் உயரத்தையும் மழைக்கோ வெப்பத்துக்கோ எதிராக வையுங்கள்.

குளிர் இடத்தில் மரம் மெதுவாக வளர்வதால் எடையும் குறைவாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்த்து வருபவர்கள் பலர். நிற்கும் எடை என்பது வளரும் வேகம் மட்டும் அல்ல, எத்தனை காலம் சாகாமல் நிற்கிறது என்பதும் சேர்ந்தது. மெதுவாக வளர்ந்து நெடுங்காலம் நிற்கும் மரம் நிறையச் சேர்த்துவைக்க முடியும். எனவே மேல்மலைச் சோலையில் உயரம் குறைந்தும், நெருக்கமான தடித்த தண்டுகளால் எடை குறையாமல் இருந்தால் அதைப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள்.

590 கட்டங்களை வைத்து 2020-இல் வந்த ஆய்வு, மிக வெப்பமான மாதத்தின் பகல் உச்சம் 32.2 டிகிரியைத் தாண்டும்போது காட்டுக் கார்பன் வேகமாகக் குறைகிறது என்றது. அந்த எண்ணை மலைக்கு ஏற்றாதீர்கள். ஊட்டியில் கோடையிலும் பகல் உச்சத்தின் சராசரி 25 டிகிரிக்குக் கீழேதான். இங்கே குளிர், காற்று, உறைபனி ஆகியவைதான் எல்லை வகுக்கின்றன.

முதுமலையில் 1988 முதல் இந்திய அறிவியல் கழகம் அளந்துவரும் 50 ஹெக்டேர் கட்டத்தோடு உங்கள் எண்ணை ஒப்பிட ஆசை வரும். அது யானையும் தீயும் வந்துபோகும் இலையுதிர்காடு. சின்ன மரங்களின் சாவை அங்கே அவைதான் பெரிதும் முடிவு செய்கின்றன. மழைக்குறைவு மட்டும் காரணம் என்று எழுதினால் தவறு.

மூன்று கட்டங்களை வைத்துக் கோடு போடாதீர்கள். ஒவ்வொரு மழை அளவிலும் குறைந்தது மூன்று கட்டமாவது வேண்டும். அப்போதுதான் ஒரே மழையில் சோலைக்குச் சோலை எவ்வளவு மாறுகிறது என்று தெரியும்.

12. மறுபடி அளக்க ஏற்பாடு

டேப் சுற்றிய இடத்தில் மெல்லிய பெயின்ட் கோடு போடுங்கள். தகட்டு ஆணியை அந்தக் கோட்டுக்கு 30 செ.மீ. மேலே அடியுங்கள், ஆணியைச் சுற்றித் தண்டு வீங்கும், கோட்டருகே அடித்தால் அடுத்த அளவு கெட்டுவிடும். ஆணி பாதி வெளியே நிற்கட்டும், மரம் பருக்க இடம் வேண்டும். ஐந்து ஆண்டு கழித்து வருபவர் உங்களைத் தெரியாதவராக இருக்கலாம். கட்டத்தின் நான்கு மூலைகளின் ஜிபிஎஸ் எண்கள், எடுத்த மார்பளவு உயரம், பாசியை எப்படி ஒதுக்கினீர்கள் என்ற குறிப்பு, மூலத் தாள்களின் படம் ஆகியவற்றை ஒரு பிரதி வனச்சரக அலுவலகத்திலும் ஒரு பிரதி கல்லூரி நூலகத்திலும் கொடுத்துவையுங்கள்.